மறுமொழி: பள்ளியிலேயே பெறும் ‘கிரெடிட்’ – மதிப்பலகா, வரவா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வாஷிங்டன் மாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்காக நாம் எழுதத் தொடங்கிய துண்டறிக்கை இரண்டு வாரமாகத் தலைப்பைத் தாண்டவில்லை. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடங்களை முடித்துக் ‘கிரெடிட்’, அதாவது பட்டக் கணக்கில் சேரும் பாட அளவு, பெறுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே சிக்கல். இதுவரை வந்த சொற்களை எல்லாம் மீண்டும் படித்துவிட்டு எழுதுகிறேன். மடல் சற்று நீளும், பொறுத்தருள்க.

> கிரெடிட் கார்டைக் கடன் அட்டை என்கிறோம். ஆகவே ‘கல்லூரிக் கடன்’ எனலாம்.

இதை உடனே விலக்கிவிடலாம். கல்லூரிச் செலவைக் குறைக்கும் வழியைச் சொல்ல வந்த தாள், கடன் வாங்கச் சொல்லும் தாளாகப் படிக்கப்படும்.

> ‘மதிப்பெண் ஈட்டல்’ எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஒரே பாடத்தில் ‘ஏ’ வாங்கிய மாணவிக்கும் ‘சி’ வாங்கிய மாணவிக்கும் கிரெடிட் எண்ணிக்கை ஒன்றுதான்; வேறுபடுவது தரப்புள்ளி. இலங்கையில் படித்த பெற்றோருக்கு வேறொரு குழப்பமும் உண்டு. அங்கே சாதாரண தரத் தேர்வில் ‘கிரெடிட்’ என்றால் திறமைச் சித்தி, அதாவது தேறிய விதத்தைக் குறிக்கும் சொல். யாழ்ப்பாணத்தில் படித்த தாய் ஒருவர், தம் மகன் நன்றாகத் தேறியதைத்தான் கல்லூரி சொல்கிறது என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எஞ்சியிருப்பது ‘மதிப்பலகு’. ஒரு பாடத்தின் அளவைக் குறிக்க இது பொருத்தமான சொல். வெறும் ‘அலகு’ என்று விட்டால், பாடநூலின் ‘அலகு 1, அலகு 2’ நினைவுக்கு வந்துவிடும். எனவே மதிப்பலகை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அது ஒன்றே போதும் என்று முந்தைய மடலில் சொல்லப்பட்டதைத்தான் ஏற்க இயலவில்லை. காரணத்தை ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்தையே வைத்துச் சொல்கிறேன்.

1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இத்திட்டத்தில், 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் சமுதாயக் கல்லூரிக்குச் சென்று, கல்விக் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். புத்தகம், சில கட்டாயக் கட்டணங்கள், போக்குவரத்து ஆகியவை பெரும்பாலும் குடும்பத்தின் பொறுப்பு. அக்கல்லூரிகள் காலாண்டு முறையில் இயங்குவதால், வழக்கமான ஒரு பாடம் 5 கிரெடிட். அதே பாடம் பள்ளிக் கணக்கில் 1 கிரெடிட். பள்ளிப் படிப்பை முடிக்க மாநிலம் கேட்பது 24. இரண்டாண்டு இணைப்பட்டத்துக்கு வேண்டியது 90. காலாண்டு முறைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டத்துக்கு 180. ஐந்து எண்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ‘5 கிரெடிட் படித்தால் 1 கிரெடிட் கிடைக்கும்’ என்ற வரியைப் படிக்கும் பெற்றோர், மற்ற நான்கு எங்கே போயின என்று கேட்கத்தானே செய்வார்கள்? ஆகவே ‘பள்ளி மதிப்பலகு’, ‘கல்லூரி மதிப்பலகு’ என்று ஒவ்வோர் இடத்திலும் அடைமொழியோடுதான் எழுதவேண்டும். சலிப்பாக இருந்தாலும் எங்கும் சுருக்கக்கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மாணவர் கிரெடிட்டை ‘ஈட்டுகிறார்’. நாமும் ‘ஈட்டல்’ என்றே எழுதிவருகிறோம். ஈட்டிய பொருள் ஈட்டியவருக்கே உரியது, அதை யாரும் மறுக்க முடியாது என்பதுதான் தமிழில் அதன் தொனி. நடப்பு அப்படியில்லை. ஏபி என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்; மே மாதம் நடக்கும் அதன் தேர்வுக்கு 1 முதல் 5 வரை புள்ளி தருவது, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு. அதைக் கிரெடிட்டாக ஏற்பதா என்று முடிவு செய்வது மாணவர் சேரும் கல்லூரி. வாஷிங்டன் மாநிலப் பொதுக் கல்லூரிகள் 3 புள்ளிக்கே கிரெடிட் தருகின்றன, ஆயினும் அது துறைக்கு வேண்டிய பாடமாகச் சேருமா, வெறும் விருப்பப் பாடமாக நிற்குமா என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) போன்ற நிறுவனங்களோ 5 வாங்கினாலும் கிரெடிட் தருவதில்லை. ரன்னிங் ஸ்டார்ட் பாடங்களிலும் இதே நிலைதான்: பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கிட்ட பாடத்தை மீண்டும் எண்ணமாட்டோம் என்று சொல்லும் தனியார் கல்லூரிகள் நாட்டில் பல உள்ளன.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. ‘வரவு வைத்தல்’. பணத்தைக் கட்டுபவர் நாம். வரவு வைப்பவர் கணக்குப்பிள்ளை. கட்டிய பணம் பேரேட்டில் ஏறும்வரை மனம் நிம்மதி அடைவதில்லை என்பதைத் தவணைச் சீட்டு கட்டிய எந்தக் குடும்பத்துக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே என் முன்மொழிவு: பாடத்தின் அளவு ‘மதிப்பலகு’, அதைக் கல்லூரி பட்டக் கணக்கில் ஏற்றுக்கொள்வது ‘வரவு வைத்தல்’, அப்படி ஏற்கப்பட்டது ‘கல்லூரி வரவு’. தலைப்புக்கு ‘பள்ளிக்காலக் கல்லூரி வரவு’. ‘பாட வரவு’ என்று சுருக்கலாமே என ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தவுடன் எனக்குக் கச்சேரிதான் நினைவுக்கு வந்தது.

அடுத்து, பள்ளியிலும் கல்லூரியிலும் ஒருசேரப் படிப்பதற்கு முன்மொழியப்பட்ட ‘இரட்டைப் பதிவு’. வணிகவியல் படித்தவர்களுக்கு இது கணக்குப்பதிவியல் முறை; மற்றவர்களுக்கு வாக்காளர் பட்டியலில் இருமுறை வந்த பெயர். ஒரே பாடம் இரு கணக்கில் ஏறுவதால் முதல் பொருள் வேடிக்கையாகப் பொருந்தவும் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘இருநிலைச் சேர்க்கை’ என்பதையே பரிந்துரைக்கிறேன். ‘பதிவு’ என்பது பெயர் கொடுத்துவிட்டு வருவது போன்ற சிறு செயலாக ஒலிக்கிறது. உண்மையில் 16 வயதுப் பிள்ளை கல்லூரியில் சேர்ந்தேவிடுகிறது. அங்கே வாங்கும் தரம் கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நிலையாக நிற்கும். பின்னாளில் கல்வி உதவித்தொகைக்கான தகுதியைப் பார்க்கும்போதும் அது கணக்கில் வரும். கல்விப் பதிவுகளின் மறைகாப்பு பற்றிய நடுவணரசுச் சட்டப்படி, உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்தவுடன், வயது எதுவாயினும், அங்குள்ள பதிவுகளின் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்கு மாறிவிடுகிறது. மகளின் தரத்தை விசாரிக்கத் தொலைபேசியில் அழைக்கும் தந்தையிடம் கல்லூரி அலுவலகம் பேச மறுக்கலாம். ‘சேர்க்கை’ என்ற சொல் இந்தக் கனத்தைத் தாங்கும்.

‘ஹைஸ்கூல்’ என்பதை ‘உயர்நிலைப் பள்ளி’ என்று எழுதும்போது, முதல் இடத்திலேனும் ‘9 முதல் 12ஆம் வகுப்பு வரை’ என்று சேர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் உயர்நிலை பத்தோடு முடிகிறது. அதே காரணத்தால் ஏபி பாடங்களை ‘மேல்நிலைப் பாடம்’ என்பதும் ஆகாது. அதை ‘ஏபி பாடம்’ என்றே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். பிள்ளைகள் வீட்டில் சொல்வதும், பள்ளித் தாளில் இருப்பதும் அதுதான். மொழிபெயர்த்தால் பெற்றோர் இரண்டையும் பொருத்திப் பார்க்கமுடியாமல் போகும்.

ஒன்றுக்கு மட்டும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. சில கல்லூரிகள் வரவு வைக்காமலே, தொடக்கப் பாடத்தை விட்டு நேரே அடுத்த பாடத்தில் அமர விடுகின்றன. பட்டத்துக்கு வேண்டிய மதிப்பலகு அதனால் குறைவதில்லை. கால்குலஸ் முதல் பாடத்தை மறுபடி படிக்கும் பாடு இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். ‘படிதாண்டல்’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் பெரியவர்கள் படிதாண்டாப் பத்தினியை நினைத்துச் சிரித்தார்கள். இப்போதைக்கு ‘மேற்பாட அனுமதி’ என்று வரைவில் இட்டிருக்கிறேன். இதைவிடச் சிறந்த சொல் தோன்றினால், தாள் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.

அன்புடன்,
துண்டறிக்கை வரைவுக்காக