எட்டு போடும்போது இரண்டாம் வட்டத்தில் கால் ஊன்றிவிடுகிறேன்: கையாளுதல் தேர்வுக்கு முன் ஆலோசனை தேவை

கேள்வி

வணக்கம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பழகிய நான், இப்போது கியர் உள்ள மோட்டார் சைக்கிளில் தொடக்கநிலைக் கையாளுதல் தேர்வுக்குப் பயிற்சி எடுத்துவருகிறேன். நேராக ஓட்டுவதிலும் கியர் மாற்றுவதிலும் தடுமாற்றம் இல்லை. ஆனால் மெதுவாக ஓட்டிக்காட்ட வேண்டிய பகுதிகளில்தான் மீண்டும் மீண்டும் சிக்கல் வருகிறது.

எட்டு போடும்போது முதல் வட்டத்தை ஒழுங்காக முடித்துவிடுகிறேன். நடுப்பகுதியைக் கடந்து எதிர்ப்பக்கம் திரும்பத் தொடங்கியதும் வண்டி உள்பக்கமாக விழப்போவதுபோல் இருக்கிறது. கால் தானாகவே தரையில் ஊன்றிவிடுகிறது. குறுகிய இடத்தில் யூ டர்ன் எடுத்தால் கோட்டைத் தாண்டி வெளியே போய்விடுகிறேன். திடீரென நிறுத்தும் பயிற்சியிலோ பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குகிறது. வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. உயரம் குறைவு என்பதால் என் இரு பாதங்களும் ஒரே நேரத்தில் முழுமையாகத் தரையில் படிவதில்லை.

வண்டி சரிவதாகத் தோன்றும் கணத்தில் இடக்கை கிளட்சை முழுவதுமாகப் பிடித்துவிடுவதையும், வலக்கை முன் பிரேக்கை அழுத்திவிடுவதையும் கவனித்திருக்கிறேன். இதற்குக் காரணம் பயமா, ஓட்டும் முறையில் பிழையா, வண்டியிலேயே ஏதாவது கோளாறா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (பயிற்சி அளிப்பவர்)

வணக்கம் நண்பரே. உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலேயே பாதி விடை இருக்கிறது. மெதுவான திருப்பத்தில் சரிந்திருக்கும் வண்டியைத் தாங்கி நிற்பது பின்சக்கரத்துக்குத் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் இன்ஜினின் இழுவைதான். அந்த இழுவை சற்றுக் கூடினால் வண்டி நிமிரும். குறைந்தால் மேலும் சரியும். விழப்போகிறோம் என்ற அச்சத்தில் நீங்கள் கிளட்சை முழுவதும் பிடிக்கும்போது, வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரே ஆதாரத்தை அந்தக் கணத்திலேயே அறுத்துவிடுகிறீர்கள். அதோடு முன் பிரேக்கும் சேர்ந்தால், ஹேண்டில் திரும்பியிருக்கும் நிலையில் முன்சக்கரம் சட்டென நின்று, வண்டி திரும்பிய பக்கமே சாயும். ஆகவே ஹேண்டில் திரும்பியிருக்கும் வரை வலக்கை விரல்கள் நான்கும் ஆக்சிலேட்டர் பிடியைச் சுற்றியே இருக்கட்டும். முன் பிரேக் லீவரின் மேல் ஒரு விரல்கூட வேண்டாம்.

மெதுவோட்டத்தில் வேகத்தை ஆக்சிலேட்டரால் கூட்டிக் குறைக்க முயல்வதே புதியவர்கள் பலரிடம் நான் காணும் பழக்கம். ஸ்கூட்டரிலிருந்து வருபவர்களிடம் இது இன்னும் அதிகம், ஏனெனில் அங்கே வலக்கை ஒன்றுதான் எல்லாவற்றையும் செய்தது. இங்கே ஆக்சிலேட்டரை ஐடிலிங்குக்கு, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகத்துக்கு, சற்று மேலே ஒரே அளவில் நிறுத்திவிட்டு, அரை கிளட்சில், அதாவது கிளட்ச் பாதி மட்டும் பிடித்து இழுக்கும் நிலையில், லீவரை மிகச் சிறிதளவே விட்டும் பிடித்தும் வேகத்தை ஆள வேண்டும். வண்டி விழப்போவதாகத் தோன்றினால் கிளட்சைப் பிடிக்காமல், ஒரு நூலளவு விட வேண்டும். நம் உள்ளுணர்வு சொல்வதற்கு இது நேர் எதிரானது என்பதால், எட்டுக்குள் போவதற்கு முன்பே நேர்கோட்டில் பழகிவிடுவது நல்லது. நடந்து செல்பவரின் வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு அதைவிடவும் மெதுவாக ஓட்டுங்கள்.

அரை கிளட்சில் நெடுநேரம் ஓட்டினால் கிளட்ச் தேய்ந்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் கிளட்ச் பல தட்டுகள் கொண்டது, எண்ணெயில் மூழ்கியே இயங்குவது. அதனால் கார் கிளட்சைவிட இதை நன்றாகத் தாங்கும். இன்ஜின் மிகவும் சூடாகிவிட்டால் மட்டும் சற்று நேரம் ஓய்வு கொடுங்கள்.

ஒரு கேள்வி: உங்கள் எட்டில் இரண்டாம் வட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது?

கேட்டவர்

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. இரண்டாம் வட்டம் வலப்பக்கம் திரும்புகிறது. யூ டர்னும் வலப்பக்கம் எடுத்தால்தான் அதிகமாக வெளியே போகிறேன். இடப்பக்கம் ஓரளவு சமாளித்துவிடுகிறேன்.

பதில் (பயிற்சி அளிப்பவர்)

அப்படியானால் உங்கள் வலது மணிக்கட்டைக் கவனியுங்கள். ஹேண்டிலை வலப்பக்கம் முழுவதும் திருப்பும்போது ஆக்சிலேட்டர் பிடி உங்கள் வயிற்றை நோக்கி வருகிறது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் மணிக்கட்டு மடங்கி, நீங்கள் அறியாமலேயே ஆக்சிலேட்டர் மூடிக்கொள்ளும் அல்லது திறந்துகொள்ளும். மூடினால் வண்டி விழப்போகும், திறந்தால் கோட்டுக்கு வெளியே ஓடும். நீங்கள் சொன்ன சிக்கல்களில் இரண்டு இந்த ஓரிடத்திலிருந்தே பிறக்கக்கூடியவை. வலப்பக்கம் திரும்பும் முன்பே வலது முழங்கையைச் சற்று வெளியே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இருக்கையில் அமர்ந்தபடியே ஹேண்டிலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை திருப்பிப் பாருங்கள். முழங்கையை எங்கே வைத்தால் மணிக்கட்டு மடங்காமல் இருக்கிறது என்பது கைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது பார்வை. முதல் வட்டத்தை முடித்து நடுப்பகுதிக்கு வரும்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு அருகில் உள்ள கூம்பின் மேல் இருக்கும். நடுப்பகுதியை எட்டும் முன்பே தலையை முழுவதுமாகத் திருப்பி, தாடை வலது தோளுக்கு நேராக வரும்படி, இரண்டாம் வட்டத்தின் எதிர்முனையைப் பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஹேண்டில் தானே முழுவதும் திரும்பும். யூ டர்னிலும் தொடங்கிய இடத்தையே பார்க்காமல், திரும்பி முடித்துப் போகவேண்டிய திசையைப் பாருங்கள்.

உடல் வண்டியோடு சேர்ந்து சாயவேண்டியது வேகமான வளைவில்தான். மெதுவான குறுகிய திருப்பத்தில் வண்டியை உள்பக்கம் சாயவிட்டு, உடலை நிமிர்த்தி, வெளிப்பக்கக் கால்மிதியில் எடையை வைக்க வேண்டும். வண்டி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு சிறிய வட்டத்தில் திரும்பும். உங்கள் உடல் மறுபக்கம் இருப்பதால் விழாது.

மற்றொரு பதில்

மேலே சொன்னவற்றோடு, பின் பிரேக்கை இலேசாக மிதித்தபடியே ஓட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். இன்ஜின் இழுக்க, பின் பிரேக் சற்றே தடுக்க, வண்டி இறுக்கமாகவும் சீராகவும் நகரும். கிளட்சில் சிறு பிழை நேர்ந்தாலும் குலுங்காது. தவிர, வலக்கால் பிரேக்கின் மேல் இருந்தால் அது தரைக்குப் போகாது.

பதில் (பயிற்சி அளிப்பவர்)

முறை சரிதான், ஆனால் வரிசை முக்கியம் என்பது என் கருத்து. கிளட்ச் கட்டுப்பாடு வருவதற்கு முன் பின் பிரேக்கையும் கொடுத்தால், மாணவர் கிளட்சின் பிழையைப் பிரேக்கால் மூடிமறைக்கப் பழகிவிடுகிறார். பிறகு பிரேக்கைச் சற்று அதிகமாக மிதிக்கும் நேரத்தில் இன்ஜின் நின்றுவிடுகிறது. நேர்கோட்டில் கிளட்ச் ஒன்றாலேயே சீராக ஓட்ட முடிந்த பிறகு பின் பிரேக்கைச் சேர்க்கலாம்.

இன்னொரு பதில்

திடீர் நிறுத்தத்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் அதை எழுதுகிறேன். தேர்வு முடிந்து சாலைக்கு வந்தபின் உயிரைக் காப்பது அந்தப் பகுதிதான் என்பதால் அதை எட்டைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. பின்சக்கரத்தின் மேல் எடை குறைவதால் அதன் பிடிமானமும் குறைகிறது. அப்போது வழக்கமான அழுத்தத்தில் மிதித்தாலே அது பூட்டிக்கொள்ளும். காய்ந்த சாலையில் நிறுத்தும் திறனில் பெரும்பங்கு, ஏறக்குறைய 70 சதவீதமோ அதற்கு மேலோ, முன் பிரேக்கிலிருந்தே கிடைக்கிறது. முன் பிரேக்குக்கு அஞ்சுபவர்கள் பின் பிரேக்கையே நம்பி ஓங்கி மிதிக்கிறார்கள். உங்கள் சறுக்கலுக்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதலில் இலேசாக அழுத்தி, முன்பக்க ஷாக் அப்சார்பர் இறங்கி டயர் தரையில் அழுந்தும் வரை கணநேரம் பொறுத்து, அதன்பின் அழுத்தத்தைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போக வேண்டும். வண்டி நேராகவும் ஹேண்டில் நேராகவும் இருப்பது கட்டாயம். முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் உடல் முன்னே சரியாது, கைகளும் விறைக்காது. முன்சக்கரம் பூட்டுவதாகத் தெரிந்தால் உடனே விட்டு மீண்டும் பிடிக்க வேண்டும். பின்சக்கரம் பூட்டி, வண்டியின் பின்புறம் ஒரு பக்கமாக விலகிவிட்டால், பின் பிரேக்கைச் சட்டென விடுவது ஆபத்து. பிடிமானம் திரும்பும் வேகத்தில் வண்டி ஓட்டுநரைத் தூக்கி எறியக்கூடும். அந்நிலையில் மிதித்தபடியே நேராகப் பார்த்து நின்றுவிட வேண்டும்.

30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 7 மீட்டர் என்ற அளவில் குறைவதாகக் கொண்டால், பிரேக் பிடித்தபின் நிற்க ஏறக்குறைய 5 மீட்டர் ஆகும். 50 கிலோமீட்டரில் அதே பிரேக்குக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஆகும். ஆகவே குறைந்த வேகத்தில் முறை படியும் வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கையை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டின் குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்திலேயே சென்று ஆராய்ந்தது. விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து நேரத்தில் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கியதும், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தாததும், வண்டியை ஒதுக்கித் தப்பும் திறன் இல்லாததும் அவர்களிடம் காணப்பட்டன. உங்களிடம் இப்போது இருக்கும் அதே பழக்கம்தான் இது. தேர்வுக்காக மட்டும் இதைத் திருத்தாதீர்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேட்டவர்

அனைவருக்கும் என் நன்றி. முழங்கையைத் தூக்கி வைத்ததும் வலப்பக்க வட்டம் உடனே மாறியது. கால் ஊன்றுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தியதில் பின்சக்கரச் சறுக்கலும் குறைந்துள்ளது. இன்னும் ஒரு குறை இருக்கிறது. முதல் கியரில் மிக மெதுவாகச் செல்லும்போது வண்டி விட்டுவிட்டு இழுக்கிறது, அவ்வப்போது இன்ஜினும் நின்றுவிடுகிறது. அரை கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதும் ஒவ்வொரு முறையும் மாறுவதுபோல் இருக்கிறது. பயிற்சி வண்டி ஒன்றில் இந்தத் தொல்லை இல்லை.

பதில் (பழுதுபார்ப்பவர்)

வேறு வண்டியில் தொல்லை இல்லை என்றால், இது உங்கள் கையின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு. முதலில் செயினைப் பாருங்கள். வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட அளவைவிடத் தளர்ந்திருந்தால், ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் செயின் தளர்ந்து இறுகி வண்டியை உதறும். பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றிப் பல இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தளர்ச்சியும் இருந்தால் செயின் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து கிளட்ச் கேபிள். லீவரில் கையேடு சொல்லும் இடைவெளி இருக்கிறதா என்றும், கேபிள் உறைக்குள் தடையில்லாமல் ஓடுகிறதா என்றும் சோதியுங்கள். எண்ணெய் வற்றிய கேபிளும், நுனியில் இழைகள் பிரிந்த கேபிளும் பிடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இழை பிரிந்திருந்தால் கேபிளை மாற்றிவிடுங்கள், ஏனெனில் அது எந்த நேரமும் அறுந்துவிடும். ஐடிலிங் குறைவாக வைக்கப்பட்டிருந்தாலும் இன்ஜின் நிற்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே அதைச் சரிசெய்ய வேண்டும். டயர் காற்றையும் பாருங்கள், காற்று குறைந்த முன்டயர் மெதுவோட்டத்தில் ஹேண்டிலைக் கனக்கச் செய்யும்.

கேட்டவர்

செயின் மிகவும் தளர்ந்திருந்தது, கேபிளில் சில இழைகளும் பிரிந்திருந்தன. இரண்டையும் சரிசெய்தபின் உதறல் நின்றுவிட்டது. கடைசியாக ஒரு சந்தேகம்: என் உயரத்துக்கு, தேர்வின்போது நிற்கவேண்டிய இடங்களில் எப்படிக் கால் வைப்பது? இடையில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது?

பதில் (பயிற்சி அளிப்பவர்)

இரு பாதங்களும் படிய வேண்டிய அவசியமே இல்லை. நிற்கும் கடைசி அடியில் ஹேண்டிலை நேராக்கி, வலக்காலைப் பின் பிரேக்கில் வைத்தபடி, இடுப்பை இருக்கையில் சற்று இடப்பக்கம் நகர்த்தி இடக்காலை மட்டும் முழுமையாக ஊன்றுங்கள். தேர்வன்று அணியும் காலணியையும் ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டே இதைப் பழகுங்கள், ஏனெனில் காலணி அடியின் தடிமன் மாறினால் தரை எட்டும் தூரமும் மாறும். முடிந்தவரை தேர்வுக்குக் கொண்டுபோகும் வண்டியிலேயே பழகுங்கள்.

இன்ஜின் நின்றால் எப்படி மதிப்பிடுவார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும்; தொடங்கும் முன் தேர்வாளரிடமே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம், அதில் தவறில்லை. நின்றுவிட்டால் பதற்றத்தில் இரு கால்களையும் நீட்டாதீர்கள். ஹேண்டிலை நேராக்கி, கிளட்சைப் பிடித்து, பின் பிரேக்கை மிதித்து, இடக்காலை ஊன்றி, நியூட்ரலுக்கு மாற்றி இன்ஜினை இயக்குங்கள். மீண்டும் முதல் கியரில் போட்டபின், நகர்வதற்கு முன் கண்ணாடியையும் தோளுக்குப் பின்புறத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.