7 மாசம் ஷெட்ல நின்ன கார், ஓட்டினா தடதடன்னு அடிக்குது. நாலு டயரும் மாத்தணுமா?

கம்மவான்பேட்டை பட்டாளம்:

எல்லாருக்கும் வணக்கம். ராணுவத்துல வேலை. எங்க ஊரைப் பத்தி வேலூர் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்க. அதனால இந்தப் பிரச்சனை எனக்கு மட்டும் வந்திருக்காது.

மே மாசம் லீவு முடிஞ்சு கிளம்பறப்ப காரை வீட்டு ஷெட்ல விட்டுட்டுப் போனேன். முந்தாநாள் வந்து எடுத்தேன். பேட்டரி சுத்தமா இறங்கிடுச்சு, பக்கத்து வீட்டு வண்டியில ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினோம். நகர்த்தினதும் பின்னாடி ‘டக்’னு ஒரு சத்தம், அது கையோட விட்டுடுச்சு. அப்புறம்தான் கஷ்டம். தெருவுல உருட்டினதும் தட் தட் தட்னு ஒரே சீரா அடிக்குது, வரிசையா கல்லு பதிச்ச ரோட்டுல போற மாதிரி. 30, 40ல ரொம்ப மோசம். 60 போனா அடி தனியா தெரியல, சீட்டுக்கு அடியில ஒரே அதிர்வு. ஸ்டீயரிங்ல அவ்வளவா இல்ல.

ஊர் பஞ்சர் கடையில காத்து அடிச்சுக்கிட்டு வேலூர்ல ஒரு டயர் கடைக்குப் போனேன். வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கல, "நின்ன இடத்துலயே தட்டையாகிடுச்சு, நாலும் மாத்துங்க"ன்னு சொல்லிட்டாங்க. 185/65 ஆர் 15, ஒண்ணு ஐயாயிரத்துக்கு மேல சொல்றாங்க. பட்டன் (டயர் மேல இருக்கற வெட்டு) தேயாம நல்லாவே இருக்கு, மாத்த மனசு வரல. ஆனா வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணுக்கு மொட்டை போட திருமலைக்குப் போறோம், அம்மா அப்பாவும் வர்றாங்க. மலை ஏறி இறங்கற வண்டி. காசை மிச்சம் பண்றேன்னு குடும்பத்தை ஆபத்துல விட முடியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாகாயம் டயர்காரர்:

சார், இன்னும் காசு குடுக்கலன்னா குடுக்காதீங்க. நான் இருபது வருஷமா டயர் கழட்டி மாட்டிக்கினு கீறேன். நின்ன வண்டி தட்டையாகி வர்றது மாசத்துக்கு நாலஞ்சு பாக்குறேன், அதுல பாதிக்கு மேல ஒரு டயரும் மாத்தாமலே சரியாயிடும். ஆனா எது சரியாகும், எது ஆகாதுன்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது. மூணு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, காத்து அடிக்கறதுக்கு முன்னாடி எந்த டயர்ல எவ்ளோ இருந்துச்சு. ரெண்டு, டயர் பக்கவாட்டுல நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், அது டயர் செஞ்ச வாரமும் வருஷமும், நாலு டயர்லயும் பாருங்க. மூணு, மே மாசம் வண்டிய எப்படி நிறுத்தினீங்க? எங்கயாவது தூரம் போயிட்டு வந்து நேரா ஷெட்ல விட்டீங்களா?

காட்பாடி டாக்ஸி:

அண்ணா, முதல்ல இது பேலன்சிங் (சக்கரத்தைச் சுத்தி எடை சமமா இருக்கறது) கோளாறு இல்லன்னு தெளிவாயிடுங்க, ஏன்னா அடுத்த கடையில அதைத்தான் சொல்லுவாங்க. பேலன்சிங் போனா 80க்கு மேலதான் ஸ்டீயரிங் நடுங்கும், 30ல வண்டி அடிக்காது. அலைன்மென்ட் (சக்கரங்க நிக்கிற கோணம்) போனா ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் டிஸ்க் கோணினா பிரேக் அழுத்தும்போது மட்டும்தான் உதறும். மெதுவா போறப்பவே ஒரே தாளத்துல அடிச்சு, வேகத்தோட சேர்ந்து தாளமும் கூடினா வட்டத்துல எங்கயோ கோளாறு. உங்க டயர் ஒரு சுத்து சுத்தினா கிட்டத்தட்ட 1.95 மீட்டர். 20ல போனா நொடிக்கு மூணு அடி, 40ல ஆறு அடி வரும். எண்ணிப் பாருங்க, ஒத்துப்போகும்.

முதல்ல கேட்ட ‘டக்’ ஹேண்ட் பிரேக். மாசக்கணக்குல இழுத்து விட்டா பிரேக் ஷூ, சக்கரத்துக்குள்ள இருக்கற டிரம்மோட ஒட்டிக்கும். அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு பின் ரிம் பக்கம் கையைக் கொண்டுபோங்க. ஒண்ணு மட்டும் அதிகமா சுட்டா இன்னும் பிடிக்குதுன்னு அர்த்தம்.

கம்மவான்பேட்டை பட்டாளம்:

ரெண்டு பேருக்கும் நன்றி. ரிம் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு, பிரேக் பிடிக்கல. தாளம் நீங்க சொன்ன மாதிரியேதான் வருது.

பஞ்சர் கடைத் தம்பி அடிக்கறதுக்கு முன்னாடியே அளந்து சொன்னான், நல்ல காலம். மூணு டயர்ல 21, 22, 23 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு). பின் இடதுல மட்டும் 9. எல்லாத்துலயும் 33 வெச்சான். நம்பர் பார்த்தேன்: மூணுல 3222, பின் இடதுல 1117. போன வருஷம் ஒரு டயர் கிழிஞ்சப்ப ஸ்டெப்னியில இருந்த பழைய டயரை அங்க மாட்டினேன், அது அப்படியே இருந்துடுச்சு.

நிறுத்தினது பத்தி: கிளம்பறதுக்கு முந்தின நாள் சென்னை போயிட்டு மத்தியானம் வெயில்ல ஹைவேல வந்தேன். வந்ததும் ஷெட்ல விட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, கவர் போட்டேன். மறுநாள் காட்பாடியில ரயில் ஏறிட்டேன்.

இன்னொண்ணு, வேலூர் போய்ச் சேர்றதுக்குள்ள அடி கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்தது. மறுநாள் காலைல எடுத்தப்ப மறுபடி கொஞ்சம் கூடிடுச்சு. மனப்பிரமையோன்னு விட்டுட்டேன்.

பாகாயம் டயர்காரர்:

பிரமை இல்ல சார். அதுதான் நல்ல சேதி.

ராணிப்பேட்டை, பணி ஓய்வு:

தம்பி, நீங்கள் வண்டியை நிறுத்திய விதத்திலேயே விடை இருக்கிறது. இன்றைய கார் டயரில் ரப்பர், இரும்புக் கம்பிப் பட்டை ஆகியவற்றோடு, பட்டைக்கு மேலே நைலான் நூல் அடுக்கு ஒன்றும் பெரும்பாலும் இருக்கும். வேகத்தில் டயர் விரிந்துவிடாமல் இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. சுமார் 50 டிகிரியைத் தாண்டினால் நைலான் இளகத் தொடங்கும். மே மாத வெயிலில், கொதிக்கும் தாரில் சென்னையிலிருந்து வந்த டயர் அதற்கு மேல்தான் இருந்திருக்கும். அந்தச் சூட்டோடு நிறுத்தினால், தரையில் பதிந்து தட்டையாக இருக்கும் பகுதி அந்த வடிவிலேயே ஆறி இறுகிவிடும். மடித்த துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மடிப்பு நிற்பது போலத்தான். அந்த மடிப்பை எடுக்க மறுபடி சூடுதான் வேண்டும்.

காரின் எடை முழுவதையும் உள்ளங்கை அளவுள்ள நான்கு இடங்கள் தாங்குகின்றன. காற்று குறையக் குறைய அந்த இடம் அகலமாகும், பக்கச் சுவரும் அதிகமாக மடங்கும். ஓட்டை எதுவும் இல்லாத டயரிலேயே மாதம் ஒன்று ஒன்றரை பிஎஸ்ஐ தானாக இறங்கும். ஏழு மாதத்தில் 33 போய் 22 ஆனது இயல்பு. 9 ஆனது இயல்பு இல்லை. மூன்று டயருக்கும் நான்காவதுக்கும் ஒரே மருந்து என்று நினைக்காதீர்கள்.

காலையில் அடித்து, ஓட ஓட அடங்குவது புதிய விஷயமும் அல்ல. முழுக்க நைலானில் செய்த பழைய டயர்களோடு அம்பாசடர் ஓடிய நாட்களில் விடியற்காலையில் முதல் சில கிலோமீட்டர் இப்படித்தான் இருக்கும். அப்போது யாரும் அதற்காக டயர் மாற்றியதில்லை.

ஆரணி:

சிம்பிளா ஒண்ணு பண்ணுங்க. அடுத்த தடவை போறப்ப நாலு பக்கமும் ஹாலோ பிளாக் வெச்சு வண்டியைத் தூக்கி விட்டுட்டுப் போங்க. டயர் தரையில படவே படாது.

பாகாயம் டயர்காரர்:

ஆரணி அண்ணா, தயவு செஞ்சு அதை மட்டும் சொல்லாதீங்க. செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ, அது மேல கார் பாரம் ஒரு முனையில இறங்கினா பொடிஞ்சிடும். ஷெட்ல வயசானவங்க இருப்பாங்க, புள்ளைங்க ஒளிஞ்சு விளையாடும். தூக்கணும்னா இரும்பு ஜாக் ஸ்டாண்டு நாலு வாங்கி, கம்பெனி ஜாக்கி வைக்கச் சொன்ன இடத்துல, கெட்டித் தரையில வைக்கணும்.

பட்டாளத்து சார், இப்ப செய்ய வேண்டியது. காலைல வண்டி ஆறி இருக்கறப்ப நாலு டயர்லயும் 38 அடிங்க. பக்கச் சுவர்ல உச்ச அளவு எழுதி இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பின் இடதுல வால்வு மேல சோப்புத் தண்ணி ஊத்திப் பாருங்க, முட்டை விட்டா அங்கதான் கசியுது. ஓட்டறதுக்கு முன்னாடி அந்த டயரைச் சுத்திக் கையால தடவிப் பாருங்க. பக்கத்துலயோ நடுவுலயோ புடைப்பு தட்டுப்பட்டா ஓட்டவே ஓட்டாதீங்க, கழட்டிடுங்க. புடைப்பு இல்லன்னா தனியாளா போங்க, வீட்டு ஆளுங்கள ஏத்தாதீங்க. கிரீன் சர்க்கிள்ல ஹைவே ஏறி பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு முன்னாடி திரும்பி வாங்க. 70, 80ல சீரா. போக வர அரை மணிக்கு மேல ஆகும், அது போதும். சூட்டுல பிஎஸ்ஐ ஏறும், 5, 6 டிகிரிக்கு ஒண்ணுன்னு கணக்கு, அதைப் பாத்து காத்தை இறக்கிடாதீங்க.

முக்கியமா ஒண்ணு: ஓட ஓட அடி குறையணும். ஓட ஓட அதிகமானா, இல்ல வண்டி நெளியற மாதிரி இருந்தா உடனே ஓரம் கட்டுங்க. அது தட்டை இல்ல, உள்ள கம்பிப் பட்டை பிரியுது.

திரும்பி வந்ததும் நேரா தெரிஞ்ச கடையில விட்டு லிஃப்ட்ல ஏத்தச் சொல்லுங்க. ஒரு மணி நேரம் அந்தரத்துலயே ஆறட்டும். இஸ்திரி போட்ட சட்டையை ஹேங்கர்ல மாட்டற மாதிரி. பெரியவர் சொன்ன உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

கம்மவான்பேட்டை பட்டாளம்:

இன்னைக்குக் காலைல போயிட்டு வந்தேன். வால்வுல சோப்பு நுரை முட்டை விட்டுச்சு, கசிவு அங்கதான். புடைப்பு எதுவும் இல்ல.

ஹைவேல முதல் பத்து கிலோமீட்டர் தாங்க முடியல. விரிஞ்சிபுரம் தாண்டினதும் பாதியாச்சு. திரும்பி வர்றப்ப முன் பக்கம் சுத்தமா அமைதி. பின்னாடி மட்டும் ஒரே ஒரு தட் விடாம வந்துட்டே இருந்தது, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. லிஃப்ட்ல ஏத்திக் கையால சுத்திப் பார்த்தோம். கடைக்காரர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை டயருக்கு ஒட்டின மாதிரி அசையாம பிடிச்சுக்கிட்டார். மூணு டயரும் முனையை உரசாம ஒரே இடைவெளியில சுத்துது. பின் இடது மட்டும் ஒரு இடத்துல உள்வாங்குது, கண்ணுக்கே தெரியுது.

பாகாயம் டயர்காரர்:

அது போயிடுச்சு சார். 1117ன்னா 2017ல 11வது வாரம் செஞ்சது. எட்டு வருஷம் தாண்டின ரப்பர் இறுகிப் போயிருக்கும், திரும்ப வட்டத்துக்கு வராது. அது மட்டுமில்ல, 9 பிஎஸ்ஐல மாசக்கணக்கா மடங்கி நின்ன பக்கச் சுவரை நான் நம்ப மாட்டேன். பாக்க நல்லாத்தான் இருக்கும். திருமலையில இறங்கறப்ப வளைவுக்கு வளைவு பாரம் பக்கச் சுவர்லதான் விழும். அஞ்சு பேரோட அந்த டயர்ல போகாதீங்க.

ரெண்டு புதுசு வாங்கி ரெண்டையும் பின்னாடி போடுங்க. ஒரே அச்சுல ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேஞ்சது வேணாம், மழையில பின்பக்கம் வழுக்கினா சமாளிக்கறது கஷ்டம். பின் வலதுல இருந்த நல்ல டயர் ஸ்டெப்னிக்கு ஆகும். வால்வையும் புதுசா மாத்தச் சொல்லுங்க. வாங்கறப்ப அந்த நாலு நம்பரைப் பாத்து வாங்குங்க, கடையில கிடந்து பழசானதைத் தள்ளி விட்டுடப் போறாங்க.

பேர்ணாம்பட்டு அக்கா:

தம்பி, எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனா இத்தனை வருஷத்துல ஒரு டயர்கூட எங்க வண்டியில தட்டையாகல. நான் பண்றதைச் சொல்றேன், உங்க அப்பாவாலயும் முடியும்.

வண்டியை ஓட்டவே வேணாம், தள்ளினா போதும். டயர் தரையில படற இடத்துக்கு நேரா சாக்பீஸால 1ன்னு எழுதுங்க, கால் சுத்துக்கு ஒண்ணா 2, 3, 4. பத்து நாளைக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பசங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டு அடுத்த நம்பர் கீழ வர்ற வரைக்கும் தள்ளச் சொல்லுவேன். அரை மீட்டர்தான் நகரும். நாலு வரைக்கும் போக ஷெட்ல ஒன்றரை மீட்டர் இடம் இருந்தா போதும், அப்புறம் அப்படியே பின்னாடி தள்ளிக்கலாம். எந்த நம்பர்ல நிக்குதுன்னு காலண்டர்ல குறிச்சு வெச்சுடுவேன்.

ஹேண்ட் பிரேக் போடாதீங்க. முதல் கியர்ல விட்டு, சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை வையுங்க. தள்றப்ப நியூட்ரலுக்கு மாத்த அப்பாவுக்குக் கத்துக் கொடுங்க, மாத்தினதும் திரும்ப கியர் போட மறக்கக் கூடாது. மாசத்துக்கு ஒரு தடவை காத்து பாக்கணும், அதுக்குக் கால்ல மிதிக்கிற பம்பு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். பேட்டரியில மைனஸ் ஒயரைக் கழட்டி விட்டுட்டுப் போங்க. எங்க வண்டியில எலி ஒயரைக் கடிச்சது தனிக் கதை, பானெட்டைத் தூக்கி அதையும் பாத்துக்கச் சொல்லுங்க.

ராணிப்பேட்டை, பணி ஓய்வு:

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. ஊருக்குக் கிளம்பும் முன், ஆறிய டயரில் வழக்கத்தைவிட நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து நிறுத்துங்கள். கடைசி நாளில் நெடுந்தூரம் போக நேர்ந்தால், திரும்பி வந்த சூட்டோடு விட்டுவிடாமல், ஒரு மணி நேரம் கழித்துக் கால் சுற்று நகர்த்திவிடுங்கள்.

கம்மவான்பேட்டை பட்டாளம்:

ரெண்டு டயர் போட்டாச்சு, வால்வும் மாத்தியாச்சு. ஆறின பிறகு எல்லாத்துலயும் 33 வெச்சுட்டு, இன்னைக்கு விடியற்காலைல எடுத்துப் பார்த்தேன். முதல் தெரு திரும்பறதுக்குள்ள லேசா ஒரு அதிர்வு, அப்புறம் ஒண்ணுமே இல்ல. சித்தூர் ரோட்டுல கொஞ்ச தூரம் 80 வரைக்கும் போய்ப் பார்த்தேன், அமைதியா இருக்கு. அம்மாவை வெள்ளிக்கிழமை தைரியமா ஏத்திக்கிறேன்.

அக்கா, நீங்க எழுதினதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கையோட சாக்பீஸ் எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போய் நாலு டயர்லயும் நம்பர் எழுதிட்டார். சாக்பீஸ் மழையில அழிஞ்சுடும்னு இப்ப பெயின்ட் வாங்கக் கிளம்பியிருக்கார்.