129 ஓட்டு வித்தியாசம்: வாஷிங்டன் மாநிலத்தில் நான் பார்த்த தேர்தல்

2004 நவம்பரில் நாங்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெட்மண்ட் என்ற ஊரில் இருந்தோம். நான் வேலை விசாவில் வந்தவன், ஓட்டு கிடையாது. தேர்தல் முடிந்து ஒரு வாரம் ஆன பிறகும் ஆளுநர் யார் என்று தெரியவில்லை என்று ஊருக்குப் போன் பண்ணும்போது சொன்னேன். அம்மா, "கவர்னருக்கு எதுக்குப்பா தேர்தல்? டெல்லியிலிருந்து தானே அனுப்புவாங்க?" என்றார். இங்கே கவர்னர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள் என்று விளக்கினேன். "அப்படின்னா இன்னுமா எண்ணுறாங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது.

எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு பக்கம் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ்டின் கிரெகோயர், மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமை வழக்கறிஞர். எதிரே குடியரசுக் கட்சியின் டினோ ரோஸி, முன்னாள் மாநில செனட்டர். விழுந்த ஓட்டு 28 லட்சம். முதல் எண்ணிக்கையில் ரோஸி 261 ஓட்டு முன்னால் இருந்தார். வித்தியாசம் 2,000க்குக் கீழே வந்ததால் சட்டப்படி தானாகவே மறு எண்ணிக்கை. இயந்திரத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்ததில் 261 என்பது 42 ஆகச் சுருங்கியது. நவம்பர் 30 அன்று ரோஸி வென்றதாகச் சான்றிதழே கொடுத்துவிட்டார்கள்.

இந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு அம்மாவின் கதை நடந்தது. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். பக்கவாதம் வந்து பிழைத்ததிலிருந்து வலது கை நடுங்கும். தபாலில்தான் ஓட்டு அனுப்பியிருந்தார். நவம்பர் நடுவில் ஒரு மாலை, நல்ல மழையில், தொப்பலாக நனைந்த இரண்டு இளைஞர்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். கட்சித் தொண்டர்கள். உறையின் மேல் இருக்கும் கையெழுத்து பதிவில் இருப்பதோடு பொருந்தவில்லை, உங்கள் ஓட்டு எண்ணப்படாமல் கிடக்கிறது, இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்றார்கள். அவருக்குக் கொஞ்சம் பயம். என்னைக் கூப்பிட்டு அருகில் நிற்கச் சொன்னார். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போட்டார். அந்தப் பையன்கள் போன பிறகு, "நாற்பது வருஷமா போடுற ஓட்டு, கை நடுங்குதுன்னு போயிடக் கூடாது" என்றார். யாருக்குப் போட்டார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பரில் கையால் எண்ணினார்கள். இதைக் கேட்டவர்கள் ஜனநாயகக் கட்சியினர். சும்மா கேட்க முடியாது. ஒரு வாக்குச் சீட்டுக்கு 25 சென்ட் வீதம் முன்பணம் கட்ட வேண்டும். மாநிலம் முழுக்க என்றால் சுமார் 7,30,000 டாலர். முடிவு மாறினால் பணம் திரும்பும், மாறாவிட்டால் போனது போனதுதான். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. எங்கள் கிங் கவுண்டியில் மட்டும் கிட்டத்தட்ட 9 லட்சம் சீட்டுகள். இரு கட்சிப் பார்வையாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார்கள்.

அதன் நடுவில் இன்னொரு திருப்பம். கவுண்டி கவுன்சிலின் தலைவர் லாரி பிலிப்ஸ், ஓட்டு நிராகரிக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதில் தன் பெயரே இருப்பதைக் கண்டார். விசாரித்தால், அவரைப் போல நூற்றுக்கணக்கானோர். அவர்களுடைய கையெழுத்து கணினியில் ஏற்றப்படாமல் இருந்தது. பழைய காகித அட்டையை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்காமலே ஒதுக்கிவிட்டிருந்தார்கள். முதலில் 573 என்றார்கள், பிறகு 735 ஆனது. இவற்றைச் சேர்க்கக் கூடாது என்று குடியரசுக் கட்சி நீதிமன்றம் போனது. சேர்க்கலாம் என்று டிசம்பர் 22 அன்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசிக் கணக்கு: கிரெகோயர் 13,73,361, ரோஸி 13,73,232. வித்தியாசம் 129.

என் அலுவலகத்தில் ஒரே காரில் வரும் நண்பர் ரோஸியின் தீவிர ஆதரவாளர். அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது. இரண்டு எண்ணிக்கையில் ஜெயித்தவர் மூன்றாவதில் தோற்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்? ஜனவரியில் கிரெகோயர் பதவியேற்றார், வழக்கும் தொடர்ந்தது. 2005 மே மாதம் கேஸ்கேட் மலைக்கு அந்தப் பக்கம், வெனாச்சி என்ற ஊரில் நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் முன்னால் விசாரணை. மாநில அரசு நடவடிக்கைகளைக் காட்டும் டிவிடபிள்யூ (TVW) சேனலில் காட்டினார்கள். இரவு கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பார்த்தேன்.

ஓட்டுரிமை இழந்த குற்றவாளிகள் பலர் ஓட்டுப் போட்டிருந்தார்கள், இறந்தவர்கள் பெயரிலும் சில ஓட்டுகள் விழுந்திருந்தன. அதை நீதிபதியும் ஒத்துக்கொண்டார். அப்படிப்பட்ட தவறான ஓட்டுகள் 1,600க்கும் மேல். வித்தியாசத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அவை யாருக்கு விழுந்தன? ஒருவர் இருக்கும் வட்டாரத்தில் கிரெகோயருக்கு 60 சதவீதம் விழுந்திருந்தால், அவருடைய ஓட்டிலும் 60 சதவீதத்தைக் கிரெகோயர் கணக்கில் கழிக்கலாம் என்று குடியரசுக் கட்சித் தரப்பு நிபுணர்கள் வாதிட்டார்கள். நானும் தரவுகளோடு வேலை செய்கிறவன். கேட்டதும் நியாயமாகத்தான் தோன்றியது. அப்புறம் பக்கத்து வீட்டு அம்மாவை நினைத்தேன். எங்கள் தெருவே ஒரு பக்கம் போட்டது என்பதற்காக அவரும் அப்படித்தான் போட்டிருப்பார் என்று எப்படிச் சொல்வது? நீதிபதியும் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. யாருக்குப் போட்டோம் என்று தாங்களே வாக்குமூலம் கொடுத்தவர்களின் ஓட்டை மட்டும் கழித்தார். அதில் நான்கு ரோஸிக்குப் போனவை. வித்தியாசம் 133 ஆக ஏறியது. ஜூன் 6 அன்று தீர்ப்பு வந்தது, மேல்முறையீடு இல்லை என்று ரோஸி அன்றே அறிவித்தார். 2008இல் அதே இருவரும் மறுபடி மோதினார்கள். அந்தத் தடவை கிரெகோயருக்குத் தெளிவான வெற்றி. அதற்குள் அந்த அம்மா மகள் வீட்டோடு வேறு மாநிலம் போய்விட்டார்.

நான் குடியுரிமை வாங்கிப் போட்ட முதல் ஆளுநர் ஓட்டு 2016இல். அதற்குள் மாநிலமே தபால் ஓட்டுக்கு மாறியிருந்தது. சீட்டு வீட்டுக்கு வரும். வட்டத்தை நிரப்பி, உறையில் போட்டு, மேலே கையெழுத்து. நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன், பதிவு செய்யும்போதும் அப்படியே போட்டிருந்தேன். அன்று பழைய பில் ஒன்றின் பின்பக்கம் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சுழி சரியாக வந்தபிறகுதான் உறையில் போட்டேன். நான்கு நாள் கழித்து இணையத்தில் பார்த்தபோது கையெழுத்து ஏற்கப்பட்டது என்று வந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.