மறு: பாறையிலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கும் ரேப்பலிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> பிரெஞ்சில் ‘ரப்பெல்’ என்றால் திரும்ப அழைத்தல். ‘மீளழைப்பு’ என்று வைத்தால் என்ன?

வேண்டாம் என்பேன். பிரெஞ்சுக்காரர் திரும்ப அழைப்பது ஆளை அல்ல, கயிற்றை. மேலே உள்ள பிடிமானத்தில் கயிற்றை நடுவாகக் கோத்து, இரட்டையாகத் தொங்கவிட்டு இறங்குவார்கள். அப்புறம் ஒரு முனையை இழுத்தால் முழுக்கயிறும் கீழே வந்துவிடும். புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் மேலே கட்டிவைத்த கயிற்றில் இறங்குகிறார். எதையும் திரும்ப இழுப்பதில்லை. தவிர, ‘மீளழைப்பு’ என்றால் எனக்குத் தவறிய போன் காலின் நினைவுதான் வருகிறது. ஜெர்மானியரின் ‘அப்ஸைலன்’ நமக்குத் தோது: கயிறு, கீழே, அவ்வளவுதான்.

> அப்படியானால் ‘கயிற்றிறங்கல்’?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாராவது வல்லின றகரத்துக்குப் பதில் இடையின ரகரத்தைப் போட்டால் இரங்கல் ஆகிவிடும். பயிற்சிக்கு வந்தவர் அறிவிப்புப் பலகையைப் பார்த்ததுமே வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

என் பரிந்துரை: பெயராக ‘கயிற்றிறக்கம்’, வினையாக ‘கயிற்றில் இறங்கு’. வினையில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். முதல்முறை பாறை விளிம்பில் முதுகைக் காட்டி நின்றபோது, கால் நடுக்கத்தில் “மெதுவா இறக்குங்க!” என்று கத்தினேன். “யாரும் உங்களை இறக்கப்போறதில்லை, நீங்கதான் இறங்கணும்” என்றார் பயிற்றுநர். இலக்கண வகுப்பில் புரியாத தன்வினையும் பிறவினையும் அன்றைக்குப் புரிந்தது. மற்றவர் கயிற்றைக் கட்டுப்படுத்தி நம்மைக் கீழே விடுவது வேறு வேலை. அதற்கு ‘இறக்கிவிடல்’ போதும். இரண்டையும் குழப்பினால் ஆபத்து. மேலே இருப்பவர் தன்னை இறக்கிவிடுவார்கள் என்று சாய்வார். கீழே இருப்பவரோ அவரே இறங்குவார் என்று நினைத்துக் கயிற்றைக் கழற்றியிருப்பார். இப்படி உயிர்களே போயிருக்கின்றன. ங்கு, க்கு என்று ஓரெழுத்தில் தமிழ் காட்டும் வேறுபாட்டை நாம் ஏன் இழக்க வேண்டும்?

> ‘பிரேக் ஹேண்ட்’ என்பதற்கு ‘தடைக்கை’ சரியா?

பொருள் சரி, மனதில் ஒட்டவில்லை. கயிற்றைக் கோத்து இறங்கும் எட்டு வடிவ உலோக வளையத்துக்குக் கீழே, இடுப்போரமாகக் கயிற்றைப் பிடித்திருக்கும் கை அது. பிடியைச் சற்றுத் தளர்த்தினால் நழுவும், தொடைக்குப் பின்னால் இழுத்தால் நிற்கும். எது நடந்தாலும் அந்தக் கை கயிற்றை விடக் கூடாது. ஆகவே ‘விடாக்கை’. சொல்லுக்குள்ளேயே விதி இருக்கிறது. விடாக்கண்டனைத் தெரிந்தவருக்கு விளக்கவே வேண்டாம். மேலே சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் மற்றொரு கைக்கு ‘வழிக்கை’ என்று வைத்துப் பார்த்தேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை. புதியவர்கள் பயத்தில் இறுக்கிப் பிடிப்பது என்னவோ அந்தக் கையால்தான்.

கயிற்று நுனியில் போடும் முடிச்சுக்குப் புதுச்சொல் தேடி மெனக்கெட வேண்டாம். ‘நுனிமுடிச்சு’ என்றாலே புரிகிறது. ஏறுபவர் விழுந்தால் தாங்கும்படி மற்றவர் கயிற்றைப் பிடித்துக் காக்கும் ‘பிலே’க்குத்தான் இன்னும் எதுவும் சிக்கவில்லை.