மரபுக் கட்டடப் பாதுகாப்புத் துறை: எங்கே தொடங்குவது?

கேள்வி: பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டப்படிப்பு) கடைசி வருஷம். பழைய கட்டடங்களை மீட்கும் வேலைக்கு வர ஆசை. முதலில் மேற்படிப்பா, வேலையா?

பதில் 1: சைட்டுக்குப் போங்க தம்பி. புதுச்சேரியில் எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர்கள் கொத்தனார்கள்தான். சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து செங்கல்லே உதிரும். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய கூரை முறையில் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கும் விதத்தை நேரில் பாருங்க. கடற்கரையோர மேரி கட்டடம் (பிரெஞ்சுக் காலத்து நகர மன்றம்) 2014 மழையில் இடிந்து விழுந்தது இன்னும் வலிக்கிறது. திரும்பக் கட்டினார்கள், சரி. ஆனால் பழைய சுவர் போனது போனதுதான்.

பதில் 2: அண்ணன் சொல்வது சரி. பிறகு டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் என்ற இரண்டு கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்களிலும் இதற்கென முதுகலைப் படிப்பு இருக்கு.

கேட்டவர்: நன்றி அண்ணா. சம்பளம்?

பதில் 1: ஆரம்பத்தில் குறைவுதான். வீட்டில் முன்கூட்டியே பேசிடுங்க.