அலிஷானில் கேட்ட வூ ஃபெங் கதை

தைவானில் ஆராய்ச்சி வேலையில் இருந்தபோது அலிஷான் மலைக்குப் போனேன். எல்லாரும் சூரிய உதயம் பார்க்கப் போவார்கள், நானும் அதற்குத்தான் போனேன். தங்கியது ட்சோ பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் வீட்டில். அறுபதை நெருங்கியவர், காபி பயிரிடுகிறார். கூட வந்த தைவான் நண்பர்தான் இடையில் மொழிபெயர்த்தார்.

பள்ளிக்கூடப் பேச்சு வந்தது. அந்தக் காலப் பாடப்புத்தகத்தில் வூ ஃபெங் என்றொரு பாடம் உண்டாம். சிங் அரசு காலத்துச் சீன அதிகாரி. ட்சோ மக்களின் தலை வெட்டும் வழக்கத்தை நிறுத்தச் சிவப்பு உடை போட்டுக்கொண்டு தானே போய்த் தலையைக் கொடுத்தாராம். வெட்டியது யாரை என்று தெரிந்ததும் அவர்கள் அழுது திருந்தினார்களாம். தைவானை ஆண்ட ஜப்பானியரும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பிறகு வந்த குவோமின்தாங் (சீன தேசியவாதக் கட்சி) ஆட்சியும் இதைத்தான். ட்சோ ஊர்களில் சொல்வது வேறு: அந்த ஆள் எங்களை ஏமாற்றினான், அதனால் செத்தான்.

பாடம் நடக்கும் நாளில் வகுப்பே இவரைத் திரும்பிப் பார்க்குமாம். "வெட்டினது உன் தாத்தாவா?" இதில் கொடுமை, இவர்கள் ஊராட்சிக்கே வூ ஃபெங் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

1987இல் இராணுவச் சட்டம் விலகியது. 1988 டிசம்பர் 31 அன்று சியாயி ரயில் நிலையத்தின் முன் நின்ற வூ ஃபெங் சிலையைப் பழங்குடி இளைஞர்கள் இழுத்துச் சாய்த்தார்கள். பாடம் போனது, அடுத்த வருடம் ஊராட்சியும் அலிஷான் ஆனது.

"சந்தோஷமா இருந்திருக்குமே?" என்றேன்.

"அப்பா கதவைச் சாத்திட்டார்."

காரணம் இருந்தது. 1947இல் மலைப் பழங்குடிகளுக்குத் தன்னாட்சி கேட்ட ஊராட்சித் தலைவர் உயோங்கு யாதாயுங்கானாவை 1954இல் அரசு சுட்டுக் கொன்றது. அதைப் பார்த்த தலைமுறை லேசில் நம்பாது.

நிலத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் அவர் குரல் ஏறியது. 2016 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் சாய் இங்-வென் பழங்குடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். பழங்குடிகளின் பாரம்பரிய நிலம் எது என்று வரையறுக்க அடுத்த வருடமே வந்த விதிகள் தனியார் நிலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. தைபேயில் போராட்டம் நடந்தது. "தனியார் கைக்கு எப்படிப் போச்சுன்னு யாரும் கேட்க வேண்டாமா?" என்றார். எனக்கும் அதுதான் சரியான கேள்வியாகப் பட்டது. சிலையைச் சாய்க்க ஒரு கயிறு போதும், பட்டா கைமாற யாராவது எதையாவது இழக்க வேண்டுமே.

அலிஷான் போகிறவர்கள் தாபாங், தெஃபூயே ஊர்களையும் பாருங்கள். குபா என்ற ஆண்கள் கூடம் அங்கே இன்றும் இருக்கிறது. பெண்கள் உள்ளே ஏறுவது வழக்கமில்லை, கேட்டுக்கொண்டு போங்கள்.