இரண்டு மலை, நடுவில் சூரியன்: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஓவியப் பாடம் எடுப்பவர்கள், மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

நீலமலை டீச்சர்

எல்லாருக்கும் தெரிந்த படம்தான். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலு காக்கா. 'இயற்கைக் காட்சி வரையுங்கள்' என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு சூரியனுக்கு வந்திருக்கும்.

நான் வேலை பார்ப்பது கோத்தகிரிப் பக்கம். ஏழாம் வகுப்பு ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு, அதற்கு மேல் சோலைக்காடு, அதற்கும் பின்னால் நீலம் நீலமாக மலை அடுக்கு. எல்லாம் உருண்ட தலை. எங்கள் ஜன்னலில் தேடினாலும் ஒரு முக்கோணம் கிடைக்காது. அப்படி இருக்க, ஜன்னலோரத்திலேயே உட்காரும் ஒரு பையன் ஸ்கேல் வைத்து மலை போட்டுக்கொண்டிருந்தான்.

எழுப்பி ஜன்னலுக்குக் கூட்டிப் போனேன். "நல்லாப் பாரு. எங்கடா முக்கோணம் இருக்கு?" என்றேன். பார்த்தான். நிதானமாகத்தான் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "டீச்சர், அது எங்க மலை. படத்துல வரையுறது வேற மலை."

போய் உட்கார்ந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டான். அவன் அம்மா கொழுந்து பறிக்கப் போவது அந்தச் சரிவில்தான். அது படத்துக்கு ஆகாத மலை என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கடலோரத்தான்

நடந்திருக்கிறது டீச்சர். எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே. சுற்றுவட்டாரத்தில் மலையே கிடையாது, மணல்மேடுதான். இங்கேயும் அதே இரண்டு மலைதான் வரும்.

ஆனால் என்னை உறுத்துவது மலை இல்லை, படகு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் படகு போட்டால் உயிரோடு இருக்கும். ஃபைபர் படகு, பின்னால் எஞ்சின், அதிலிருந்து நீளமாகத் தண்ணீருக்குள் இறங்கும் கம்பி, நுனியில் விசிறி. அந்தக் கம்பி எந்தச் சாய்வில் இறங்க வேண்டுமோ அதே சாய்வில் போடுவான். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையெல்லாம் இந்த ஃபைபர் படகுதான். அவன் பிறந்ததிலிருந்து பார்ப்பது இதைத்தான்.

ஒரு போட்டிக்குக் கூட்டிப் போனேன். தலைப்பு 'கடற்கரை'. நடுவராக வந்தவர் அவன் பக்கத்தில் நின்று, "படகு நல்லா இருக்கு தம்பி, ஒரு பாய் போட்டா அழகா இருக்கும்" என்றார். அவன் தலையைத் தூக்காமலே, "இப்ப யாரு சார் பாய் போடுறா? காத்தடிச்சா கவுந்துரும்" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நடுவர் சிரிக்கவில்லை.

பரிசு வேறு ஒரு பிள்ளைக்குப் போனது. வெள்ளைப் பாய் விரித்த படகு, பின்னால் (வேறென்ன?) இரண்டு மலை. திரும்பும்போது பஸ்ஸில் பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "சார், அவங்களுக்குக் கடல் தெரியாதா?"

2பி பென்சில்

நான் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். நீலமலை டீச்சருக்கு ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னலைக் காட்டினால் பிள்ளை வரைய மாட்டான். மலை பெரியது. எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

என் வகுப்பில் 'இயற்கைக் காட்சி' தடை. முதல் நாளே சொல்லிவிடுவேன். ஒரு பெண் அழுதாள், "அது மட்டும்தான் சார் எனக்கு வரும்" என்று. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. சரி, கதை அவ்வளவுதான். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் பிள்ளைக்குக் கண் வளர்ந்துவிடுகிறது, கை வளரவில்லை. தான் போட்டது நிஜம் போல் இல்லை என்று தெரிகிறது, ஏன் என்று தெரிவதில்லை. மூன்றாம் வகுப்பில் கூச்சமே இல்லாமல் யானை போட்டவன் ஏழாம் வகுப்பில் நோட்டைக் கையால் மறைப்பது அதனால்தான். முக்கோண மலை அவனுக்குப் பாதுகாப்பு. யாரும் சிரிக்க மாட்டார்கள். அதை எடுத்தால் பதிலுக்கு ஒன்று கையில் கொடுக்க வேண்டும்.

நான் கொடுப்பது செருப்பு. வாசலில் கழற்றிப் போட்ட சொந்தச் செருப்பை எடுத்து வந்து டெஸ்க்மேல் வைத்து வரையச் சொல்லுங்கள். வார் எங்கே தேய்ந்திருக்கிறது, குதிகால் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, பின்னூசி குத்தியிருக்கிறதா, எல்லாம் வர வேண்டும். செருப்புக்கென்று மனப்பாடப் படம் எவனிடமும் இல்லை. அதனால் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது, ஒரு அச்சுப் படத்தைத் தலைகீழாக வைத்து, தலைகீழாகவே பார்த்து வரையச் சொல்லுங்கள். மூக்கு, கண் என்று பெயர் தெரியாதபோது கோட்டை மட்டும் பார்ப்பான். நேராகப் போட்டதைவிட நன்றாக வரும். அவனே நம்ப மாட்டான்.

மூன்றாவது வாளி. லோயர் கிரேடு ஓவியப் பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும், பொருளை வைத்துப் பார்த்து வரையும் மாடல் டிராயிங்கில் மார்க் போவது இங்கேதான். வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு அடியை ஸ்கேலால் இழுப்பார்கள். அடியும் வளைவுதான். கண் மட்டத்துக்குக் கீழே போகப் போக அந்த நீள்வட்டம் அகலும். ஒரு டம்ளரைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் காட்டினால் ஐந்து நிமிட வேலை.

பிறகு, நிழல். ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். எச்பி பென்சில் ஒன்று, 4பி ஒன்று போதும். விரலால் தேய்க்க விடாதீர்கள், படம் அழுக்காகும். வண்ணத்துக்குக் காசில்லை என்று சொல்பவர்கள் மஞ்சள்தூள், காவி, கரித்தூள், நீலப்பொடி என்று சமையலறையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மஞ்சளில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு கிடைக்கும். எல்லாம் இருக்கிறது, மனசுதான் வேண்டும்.

பகுதிநேரம்

2பி ஐயா, வணக்கம். 'மனசுதான் வேண்டும்' என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் எரிகிறது. 2012-இல் 16,549 பேரை எடுத்தார்களே, ஓவியம், உடற்கல்வி, தையல், இசை என்று, வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய்க்கு? அதில் நானும் ஒருவன். அந்த மூன்று அரை நாளில் ஆண்டு விழா பேனர், தலைவர்கள் படம், விருந்தினர் வந்தால் வாசல் ரங்கோலி எல்லாம் போக மிச்சம் இருப்பதில்தான் வகுப்பு. மனசு இருக்கிறது ஐயா. பீரியட் இல்லை.

இனி மஞ்சள்தூள். நானும் உங்களைப் போல நம்பித்தான் செய்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மாரியம்மன் போட்டது. காவியில் முகம், கரியில் கண், மஞ்சளில் புடவை. புடவைக்கு மட்டும் மூன்று பூச்சு. நானே எடுத்து ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். அப்புறம் பரீட்சை, கோடை விடுமுறை.

ஜூனில் பள்ளி திறந்தது. அந்தப் பிள்ளை படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டது. "சார், அம்மன் ஏன் வெள்ளப் புடவை கட்டியிருக்கு?"

காவி அப்படியே இருந்தது. கரி அப்படியே இருந்தது. மஞ்சள் மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது, வெளுத்துவிடும் என்று சொன்னேன். அதன் காதில் ஏறவில்லை. அம்மனுக்கு வெள்ளைப் புடவை என்றால் என்ன அர்த்தம் என்று பதினோரு வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே. வீட்டில் என்ன ஆகுமோ என்று பயந்துவிட்டது. அவசரமாகப் போஸ்டர் கலர் வாங்கி வந்து அதன் கையாலேயே மறுபடி மஞ்சள் பூச வைத்தேன். பூசும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

என் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். சித்தன்னவாசலுக்குப் போனவர்கள் குகைக்குள் நிமிர்ந்து பாருங்கள். தாமரைக்குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது, பல இடம் உதிர்ந்துவிட்டாலும் இருக்கிற இடத்தில் நிறம் தெரிகிறது. அது காவிக்கல், மஞ்சள் காவி, சுண்ணாம்பு, விளக்குக்கரி. மண்ணிலிருந்து வந்தது நிற்கும். சமையலறை மஞ்சள் நிற்காது. பிள்ளைகளுக்கு மஞ்சள் வேண்டுமென்றால் மஞ்சள் காவியைத் தேடுங்கள், தயவுசெய்து.

காவோலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குச் சித்திரம் ஒரு பாடம், நேரசூசியில் இடம் உண்டு. தரம் 6-இல் பிள்ளை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். அதனால் பீரியட் பிரச்சினை உங்கள் அளவுக்கு இல்லை. ஆனால் தென்னை இங்கேயும்தான். பள்ளிக்கூட வளவு முழுக்கப் பனை. கொப்பிக்குள் மட்டும் தென்னை.

தரம் 8-இல் ஒரு பிள்ளை பனை கீறினாள். எல்லோரும் பச்சை விசிறி போலத் தலையை மட்டும் கீறுவார்கள். இவள் குருத்துக்குக் கீழே தொங்குகிற காவோலை முழுவதையும் கீறிவிட்டு, பேஸ்டல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். "ரீச்சர், காவோலைக்கு என்ன நிறம்?"

"மண்ணிறம்" என்று வாய்க்கு வந்துவிட்டது. "இல்லை ரீச்சர்" என்றாள். வெளியே போய் ஒன்றை இழுத்துக்கொண்டே வந்தாள், தரையெல்லாம் சரசரவென்று. நிறம் வைத்துப் பார்த்தோம். சாம்பல், அதற்குள் மெல்லிய ஊதா, விளிம்பில் வைக்கோல் நிறம். மண்ணிறம் ஒரு துளியும் இல்லை. முழுப் பாடவேளையும் அந்த ஓலையைச் சுற்றியே போனது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் சத்தத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த தவணை அவளை வீட்டார் சங்கீதத்துக்கு மாற்றிவிட்டார்கள். சித்திரத்துக்குச் செலவு கூட என்றார்கள். படம் என்னிடம்தான் கிடக்கிறது.

2பி சேர், தடை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிள்ளையும் முதலில் தென்னைதான் கீறிக்கொண்டிருந்தவள்.

கணக்கு வாத்தி

திட்டுங்கள், பரவாயில்லை. டிராயிங் பீரியடைக் கடன் வாங்குகிற ஆள் நான்தான். சிலபஸ் முடியாவிட்டால் வேறு வழி? நீங்களே சொல்லுங்கள்.

அப்படி வாங்கின ஒரு பீரியடில், எட்டாம் வகுப்பு, கடைசிப் பத்து நிமிஷம் என்னவாவது வரையுங்கள் என்று விட்டுவிட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். கணக்கில் இருபதைத் தாண்டாத ஒரு பையன் கரும்பலகைக்குப் போய்ப் புள்ளி வைக்க ஆரம்பித்தான். இடுக்குப் புள்ளி, நடு வரிசையில் 15, மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை. ஸ்கேல் இல்லை, சாக்பீஸ் மட்டும். அவ்வளவும் வரிசை பிசகாமல்.

சும்மா கேட்டேன், "மொத்தம் எத்தனை புள்ளிடா?"

"நூத்தி அறுபத்தொம்போது சார்."

யோசிக்கவே இல்லை. நான் வரிசை வரிசையாகக் கூட்ட ஆரம்பித்தேன். அவன் பொறுமை இல்லாமல், "கூட்டாதீங்க சார். நடுப்புள்ளிய விட்டுட்டு ஆறு முக்கோணமாப் பிரிங்க. ஒண்ணுக்கு இருபத்தெட்டு" என்றான். ஆறு இருபத்தெட்டு நூற்று அறுபத்தெட்டு, நடுவில் ஒன்று. போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், சரியாக வரும்.

"யாருடா சொல்லித் தந்தது?" "யாரும் இல்ல சார். பாட்டிக்குக் கண்ணு தெரியல. மார்கழில நான்தான் போடுறேன். மாவு எவ்வளவு வேணும்னு பாக்கணும்ல."

பின் பெஞ்சில் ஒருத்தன், "கோலம் போடுறியாடா நீ?" என்றான். வகுப்பே சிரித்தது. பையன் உள்ளங்கையால் பலகையை இழுத்து அழித்துவிட்டான். பாதிப் புள்ளி, பாதி வெள்ளைத் தேய்ப்பு. மணி அடித்துவிட்டது.

அவனுக்கு முழுப் பரீட்சையில் கணக்கில் என்ன மார்க் என்று கேட்காதீர்கள்.

கடலோரத்தான்

அந்தப் பீரியட் டிராயிங் பீரியடாகவே இருந்திருந்தால் கோலம் முடிந்திருக்கும். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுங்கள் வாத்தியாரே, வட்டி வேண்டாம்.

2பி பென்சில்

மஞ்சள் வெளுக்கும் என்பது பகுதிநேரம் தம்பி சொல்வது போல உண்மைதான். நிழலான சுவரில் ஒட்டினால் இன்னும் சில மாதம் ஓடும், அவ்வளவே. காவோலை அம்மா, தடை என்றால் பிரம்பு வைத்து இல்லை. ஒரு தவணைக்கு மட்டும்தான். அழுத பெண்ணுக்கும் செருப்புதான் கொடுத்தேன். அவள் போட்டது ஊக்கு குத்தின அண்ணன் செருப்பு, ஆறு நம்பர் பெரியது.

காவோலை

பகுதிநேரம் சேர், எங்கள் பக்கம் செம்மண் நிறைய உண்டு. நீரில் கரைத்துப் பூசினால் காய்ந்த பின் கையில் ஒட்டுகிறது. எதைச் சேர்க்கிறீர்கள்?

பகுதிநேரம்

மண்ணை முதலில் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே இருக்கும் கலங்கலை மட்டும் வடித்துக் காய வையுங்கள். அந்தத் தூள்தான் வேண்டும். வேப்பம் பிசினை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் துணியில் வடிகட்டிச் சேருங்கள். குறைந்தால் கையில் ஒட்டும், கூடினால் காய்ந்ததும் வெடித்து உரியும். அளவு மண்ணுக்கு மண் மாறும், ஓரத்தில் பூசிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பிசின் கிடைக்காவிட்டால் ஃபெவிகாலைத் தண்ணீராக விட்டுக் கலக்கலாம், ஆனால் பிரஷ்ஷை உடனே கழுவச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் பாதிப் பிரஷ் அப்படித்தான் போயிற்று.